சைடு கொடுக்காத சிவப்பு வண்டி

எருமப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான், ஆட்டையாம்பட்டி செங்கோடன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கச்சி புருஷன் பச்சமுத்து வணங்கி எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம். அங்கே தாங்களும், தங்கள் சம்சாரம், எனக்குத் தங்கச்சி முறையான அத்தாயியும், கட்டுத்தறியில் நிற்கும் மாடு கன்றுகளும், மேற்குக் காட்டு மரவள்ளியும் சுகமாக இருக்க நாமக்கல் ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக வந்து தங்கியிருக்கும் இன்னொருவரும் சுகமாகத்தான் இருப்பார் என்று நம்புகிறேன். அவருடைய சுகத்தைப் பற்றித் தனியாகப் பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதினால் படிப்பேன், அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். ஸ்பீக்கரில் போட்டால் அடுப்படியிலிருந்து உங்கள் தங்கச்சி பெருமாயி கேட்பாள். கேட்டுவிட்டு வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள், "ம்க்கும்" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுப்பாள். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் நான் என்ன பேச வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. அதனால் யாரும் குறுக்கே வர முடியாத மாதிரி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு என்றதும் ஞாபகம் வருகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மச்சான். நான் வந்து கூப்பிட மாட்டேன். உங்கள் வாசப்படியை மிதிக்க மாட்டேன். அவளாகக் கிளம்பிப் போனாள், அவளாகத்தான் வர வேண்டும். நான் பேச்சு மாறாதவன் என்பது உங்களுக்கே தெரியும். லாரி ஓட்டிய காலத்தில் ஒரு தடவை, வடக்கே அகோலாவில் ரோடு மறியல் என்று எல்லோரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனபோது, அந்த வழியாகத்தான் போவேன் என்று மறியல் முடிகிற வரைக்கும் அதே இடத்தில் நின்றவன் நான். இதிலும் அப்படித்தான்.

இப்போது என் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். அவள் பக்கத்து நியாயத்தை இந்நேரம் ஊரே கேட்டிருக்கும்.

முட்டி வலிக்காக நான் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி வீட்டோடு உட்கார்ந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சும்மா இருக்க முடியாமல், பெருமாயி கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனால் பின்னாலேயே போய், "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, போதும், நேரா வா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கோலம் போட்டால்கூட ரோட்டை அடைத்துப் போடாதே என்று சொன்னேன். இது அவளுக்குப் பொறுக்கவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற எங்கள் மகள் கலைமணிக்குப் போன் போட்டு, "உங்கப்பனுக்கு ஓட்டறதுக்கு ஏதாச்சும் ஒரு வண்டி அனுப்பிவுடு சாமி, என்னைய ஓட்டறதையாவது நிறுத்தட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள் மச்சான். அந்த ஆட்டத்தை எங்கள் வீட்டுக்குள் வரவழைத்ததே உங்கள் தங்கச்சிதான்.

கலைமணி ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே ஒரு ஸ்டீயரிங், காலுக்கு இரண்டு பெடல், டிவியில் மாட்டுவதற்குத் தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிசாக ஒரு டப்பா. டிவியைப் போட்டதும் ரோடு வந்தது. ரோடு என்றால் அப்படி ஒரு ரோடு. இரண்டு பக்கமும் தென்னை மரம், மேலே நீல வானம், வானத்தில் ஓரம் வெட்டாத சதுரம் சதுரமான மேகம். மேல்கூரை இல்லாத நீலக் கார் ஒன்று நிற்கிறது. "டொய்ங் டொய்ங்" என்று ஒரு பாட்டு. அதைப் பார்த்ததும் எனக்குப் பம்பாய் ஞாபகம் வந்துவிட்டது.

உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ, அந்தக் காலத்தில் சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய் போவேன். அங்கே வாஷி மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு ரிட்டன் லோடுக்காகக் காத்துக் கிடப்போம். மற்ற டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள், இல்லாவிட்டால் சீட்டு ஆடுவார்கள். நான் மட்டும் ட்ரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் பின்னால் ஒரு கடைக்குப் போவேன். இருட்டான கடை. உள்ளே நாலைந்து மிஷின்கள் மினுக்கிக்கொண்டு நிற்கும். அதில் ஒன்று கார் மிஷின். காசு போட்டால் ரோடு வரும், பாட்டு வரும், கார் கிளம்பும். ஊரிலிருந்து பம்பாய் வரைக்கும் வண்டி ஓட்டிவிட்டு, அங்கே போயும் காசு கொடுத்து வண்டி ஓட்டுகிறானே என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ரோட்டில் செக்போஸ்ட் கிடையாது. தார்ப்பாய் நனையாது. டயர் பஞ்சர் ஆகாது. ஓனர் போன் வராது. அங்கே தீர்ந்து போவது நேரம் ஒன்றுதான். மேலே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அது முடிவதற்குள் அடுத்த வளைவைத் தாண்ட வேண்டும். கடைசி வளைவுக்கு அப்பால் கடல் வரும் என்று கடைக்காரன் சொல்வான். நான் ஒரு நாளும் கடலைப் பார்த்ததில்லை. அதற்குள் லோடு கிடைத்துவிடும், கிளீனர் வந்து கூப்பிட்டுவிடுவான்.

இது அந்தப் பழைய ஆட்டம் இல்லையாம். பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்று இப்போது புதிதாகச் செய்திருக்கிறார்களாம். மேகம் சதுரமாக இருப்பதுகூட வேண்டுமென்றே செய்ததாம். கலைமணி சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புது லாரி சேசிஸ் வாங்கி அதன் மேல் பழைய மரப் பாடி கட்டுகிற மாதிரி. யார் கேட்டார்கள் என்று கேட்டேன். "உங்களை மாதிரி நிறைய பேர் கேக்கறாங்கப்பா" என்றாள். என்னை மாதிரி நிறைய பேர் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு தெம்பு வருகிறது. இந்தத் தடவை கடலைப் பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

புது வண்டி வந்தால் பூஜை போடாமல் எடுப்பதா? பெருமாயிதான் சந்தனம் குங்குமம் கொண்டு வந்தாள். ஸ்டீயரிங்குக்குப் பூ சுற்றினாள். லாரிக்கு முன் கண்ணாடியில் பொட்டு வைப்பது போல, டிவிக்கும் சந்தனத்தைக் குழைத்துத் தடவி, அதன் மேல் குங்குமத்தை வைத்தாள். நான் சூடம் காட்டினேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். இந்த வண்டிக்கு டயர் டிவிக்குள் இருக்கிறது. அதனால் ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் வைத்து ஒரே மிதியாக மிதித்தேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது மச்சான். பழம் நசுங்கிச் சாறு பெடலுக்குள் போய், விதை எங்கேயோ சிக்கி, மிதித்த பெடல் மேலே வரவில்லை. கார் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது. பிரேக்கை மிதிக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. தென்னை மரத்தில் முட்டுகிறது, சுழல்கிறது, திரும்பவும் ஓடுகிறது. இத்தனை வருஷச் சர்வீஸில் வராதது டிவியில் வருகிறதே என்று, "பிரேக் புடிக்கல, எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்று கத்திவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த பெருமாயி ஓடி வந்தாள். நான் சோபாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நேராகப் போய் சுவிட்சை அணைத்தாள். எங்கள் மகன் மணிமாறன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான் அல்லவா, அவன்தான் மறுநாள் வந்து பெடலைக் கழற்றி விதையை எடுத்துக் கொடுத்தான். அப்பா, இனிமேல் இதற்கு எதையும் காவு கொடுக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம்தான் அந்தச் சிவப்பு வண்டி.

பெடல் சரியாகி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து என் காருக்கு முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டே இருந்தது. பின் விளக்கு ஒன்று சிவப்பாக எரிகிறது, இன்னொரு விளக்கு ஃபியூஸ் போயிருக்கும்போல. அதைச் சுற்றி மஞ்சளாக நம்பர் பிளேட்டு. மஞ்சள் பிளேட்டு என்றால் என்ன அர்த்தம், நம்ம மாதிரி லோடு வண்டி. நம்ம ஆள். அவன் சைடு காட்டி வழி விடாமல் நான் ஏறிப் போகலாமா? நானும் மெதுவாகப் பின்னாலேயே போனேன். அவன் சைடு கொடுக்கவே இல்லை. நான் வலது பக்கம் ஒதுங்கினால் அவனும் ஒதுங்குகிறான். நான் வேகம் பிடித்தால் அவனும் பிடிக்கிறான். நான் பிரேக் அடித்து நின்றால், பாவம், எனக்காக அவனும் நிற்கிறான். இந்த ஆட்டத்தில் ஹாரன் வேறு கிடையாது. என் பழைய லாரியின் பாம் பாம் ஹாரனைப் பரணிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன். தெரு நாய் எல்லாம் குரைத்தது, அவன் அசையவில்லை. கையை வெளியே நீட்டி சிக்னல் கொடுத்தேன், காபி கொண்டு வந்த பெருமாயியின் கையில் பட்டு டம்ளர் பறந்தது. இதற்குள் மேலே கடிகாரம் முடிந்து ஆட்டம் நின்றுவிடும். முதல் வளைவையே தாண்ட முடியவில்லை.

கலைமணிக்குப் போன் போட்டு, முன்னால் போகிறவன் வழி விடமாட்டேன் என்கிறான் என்று புகார் சொன்னேன். அந்த ஆட்டத்தில் அப்படி ஒரு வண்டியே இல்லை என்று அவள் சொன்னாள். நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாய், நான் ரோட்டில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்றும் சொன்னாள். என் கண்ணாடி பேப்பர் படிக்கிறதுக்கு. ரோட்டைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு?

இந்த நேரத்தில்தான் பெருமாயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதல் தடவையாக ஆட்டத்தை ஒழுங்காகப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணுக்கு ரோடு தெரியவில்லை, தென்னை மரம் தெரியவில்லை. காரில் என் பக்கத்துச் சீட்டு தெரிந்தது.

அந்தச் சீட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் மச்சான். பொம்மைதான். கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு, அது காற்றில் பறக்கும். நான் வளைவில் நன்றாகத் திரும்பினால் கை தட்டுவாள். எங்காவது முட்டினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நேரம் முடிந்துவிட்டால் காரை விட்டு இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். ஆட்டத்தை அப்படிச் செய்திருக்கிறார்கள், நான் ஏற்றவில்லை.

பெருமாயி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"கடலுக்கு."

"அந்தப் புள்ளையுமா?"

"அவ காரோட வர்றவ."

"என்னைய ஒரு நாளாச்சும் ஏத்துனீங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அந்தச் சிவப்பு வண்டியை முந்துகிற மும்முரத்தில் இருந்தேன். அதனால், "இது காரு, நான் ஓட்டுனது லாரி, லாரி கேபின்ல பொம்பளைகளை ஏத்தக்கூடாதுன்னு ஓனர் சட்டம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யா? கல்யாணம் ஆன புதுசில், பம்பாய் லோடுக்கு நான் கிளம்புகிற நாள், இவள் பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு நடை வருகிறேன் என்று லாரி பக்கத்தில் வந்து நின்றாள். நான் ஓனரிடம் கேட்டேன். சட்டம் சட்டம்தான் என்றார். இவள் பையோடு திரும்பி வீட்டுக்குப் போனாள். அவர் வண்டி, அவர் சட்டம். அதில் என் தப்பு என்ன மச்சான்? நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அவள் "ம்க்கும்" என்றாள். எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையோடு வந்து, "எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க. பஸ்ஸுல பொம்பளைகளை ஏத்துவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்ததால் எழுந்து போய்த் தடுக்க முடியவில்லை. ஓடுகிற வண்டியை விட்டு டிரைவர் இறங்கக் கூடாது.

அவள் போனதால் இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. நானே சமைக்கிறேன். ரசம் வைத்தேன், நன்றாக வந்தது, கொஞ்சம் கெட்டியாக வந்ததால் சட்னியாகத் தொட்டுக்கொண்டேன். துணி துவைக்கிறேன். பால்காரம்மா கந்தம்மாள் வந்து, அக்கா எப்ப வரும் என்று தினமும் கேட்கிறாள். வரும்போது வரும் என்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. யாரும் "ம்க்கும்" சொல்வதில்லை. நாளெல்லாம் ஆட்டம் ஆடினேன், யாரும் கேட்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும்?

முந்தாநாள் மத்தியானம் கரண்டு போனது. டிவி கறுப்பாகிவிட்டது. ரோடு போச்சு, தென்னை மரம் போச்சு, கார் போச்சு, அந்தச் சிவப்புத் துண்டுக்காரியும் போய்விட்டாள். முன்னால் போன வண்டி மட்டும் அங்கேயே நிற்கிறது மச்சான். கரண்டே இல்லாத டிவியில் விளக்கு எரிகிறது, மஞ்சள் நம்பர் பிளேட்டோடு. எழுந்து கிட்டே போய், பேப்பர் படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

பூஜைக்கு வைத்த பொட்டு.

இத்தனை நாளும் நான் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் மரியாதை கொடுத்துப் பின்னாலேயே போயிருக்கிறேன். அதற்கு ஹாரன் அடித்திருக்கிறேன். அதைப் பற்றி மகளிடம் புகார் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை, இவன் எந்த ஊர் வண்டி, ஓனர் யார் என்று விசாரித்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். இதை நீங்கள் வேறு யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாக அடுப்படிப் பக்கம். தினமும் டிவியைத் துடைக்கிறவள் பெருமாயி. பூஜைப் பொட்டு என்று அதை மட்டும் சுற்றிவிட்டுத் துடைத்திருக்கிறாள்.

துண்டை நனைத்துத் துடைத்தேன். கரண்டு வந்தது. ஆட்டத்தைப் போட்டேன்.

ரோடு காலியாக இருந்தது மச்சான். எப்படிச் சொல்வேன். இளவட்டம் மாதிரி ஓட்டினேன். முதல் வளைவு தாண்டியது, இரண்டாவது தாண்டியது, மலை வந்தது, சுரங்கம் வந்தது, கடிகாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகத் தாண்டினேன். முட்டி வலி தெரியவில்லை. வாஷியில் அந்த இருட்டுக் கடையில் நின்று ஆடியபோது எனக்கு என்ன வயசோ அந்த வயசுக்கே போய்விட்டேன். கடைசி வளைவில் திரும்பினேன். கடல் வந்துவிட்டது. சதுரம் சதுரமாக அலை. கார் தானாக மணலில் போய் நின்றது. பாட்டு மாறியது. அந்தப் பொம்பளை கதவைத் திறந்து இறங்கி, கடலைப் பார்த்து ஓடினாள்.

அவள் ஓடினதும் காரில் அந்தச் சீட்டு காலியாகிவிட்டது. அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா? "பாத்தியா பெருமாயி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். சொல்லிவிட்டு, "ம்க்கும்" வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கந்தம்மாள் வாசலில் இருந்து என்னங்கண்ணா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பால் போதும் என்றேன்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். வாஷி மிஷினிலும் காரில் பக்கத்துச் சீட்டில் ஒரு பொம்மை இருந்தது. அது யார் என்று அன்றைக்கே நான் முடிவு செய்து வைத்திருந்தேன். பையோடு திரும்பிப் போனாளே, அவள்தான். ஓனர் சட்டம் அந்த மிஷினுக்குள் செல்லாது. காசு போடும்போதெல்லாம் அவளை ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். லோடு கிடைக்காத நாட்களில் நாங்கள் ரொம்ப தூரம் போயிருக்கிறோம். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. இதெல்லாம் ஒரு டிரைவர் வீட்டில் உட்கார்ந்து சொல்கிற பேச்சா? "என்னைய ஒரு நாளாச்சும் ஏத்துனீங்களா" என்று அவள் கேட்டபோது, தொண்டை வரைக்கும் வந்தது. அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்து உள்ளேயே நிறுத்திவிட்டேன். ஒரு பொட்டுக்காக.

ஆட்டம் முடிந்ததும் டிவியில் பெயர் கேட்டது. ஜெயித்தவர் பெயரை எழுதினால் அது முதல் வரிசையில் நிற்குமாம். ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி எழுத்தைப் பிடிக்க வேண்டும். என் பெயரை எழுதவில்லை. அவள் பெயரை எழுதினேன். இப்போது டிவியைப் போட்டாலே அதுதான் முதலில் வருகிறது. அவள் வந்து பார்த்துக்கொள்ளட்டும். வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும்.

இவ்வளவு எழுதியதால் நான் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் முடிவில் மாற்றம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், நான் வந்து கூப்பிட மாட்டேன். உங்கள் வாசப்படியை மிதிக்க மாட்டேன். அந்த ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன், இனிமேல் தொடுவதில்லை. அவள் எப்போது வர நினைக்கிறாளோ அப்போது பஸ் ஏறி வரலாம். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் எருமப்பட்டி பஸ் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். வரும்போது ஆட்டையாம்பட்டி முறுக்கு கொஞ்சம் வாங்கி வரச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

வயதில் பெரியவரான உங்களுக்கும் தங்கச்சி அத்தாயிக்கும் என் நமஸ்காரம். உங்கள் காட்டில் மழை பெய்து, கிழங்கு நல்ல விலைக்குப் போய், வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் தங்கியிருப்பவருக்கு மட்டும் என் ஆசீர்வாதம், அவர் கேட்டால் கொடுக்கவும்.

இப்படிக்கு,
எடுத்த முடிவில் நிற்கும்,
பச்சமுத்து.

பி.கு: மச்சான், மேலே எழுதியதில் வர மாட்டேன் என்று இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டுப் படிக்கவும். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ என்று நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது உங்கள் வாசலில் ஹாரன் அடித்து, வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இந்தக் கவரைக் கொடுத்தேனே, அதுதான் இது. ரசத்தைப் பற்றி எழுதியதையும் நம்ப வேண்டாம், அவள் போன நாளிலிருந்து புரோட்டாக் கடையில்தான் சாப்பாடு. நான் உங்கள் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன், மிதிக்கவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி நம்ம பையன் மாறன் பட்டறையில் புதுசாகப் பாடி கட்டிய லாரி. கடலூர் பார்ட்டியிடம் ஒப்படைக்க வேண்டும். எடுத்துப் போக வரவேண்டிய டிரைவரை நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முட்டி வலித்தால் வலிக்கட்டும், ஆத்தூரில் நிறுத்தி டீ குடித்துக்கொள்ளலாம். கேபினில் பொம்பளையை ஏற்ற அனுமதி உண்டா என்று மாறனிடம் முறையாகக் கேட்டுவிட்டேன். "அம்மாளை ஏத்தறதுக்கு எதுக்குங்கப்பா பர்மிஷன்" என்று சிரித்தான். பட்டறையிலிருந்து கிளம்புகிற வண்டிக்கு அவன்தான் ஓனர், கேட்பதுதான் முறை. கடலூரில் வண்டியை விட்டுவிட்டு, கடலைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வருவோம்.

இடது பக்கத்துச் சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். இரண்டு சேலையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இந்த வண்டிக்கு இன்னும் பூஜை போடவில்லை. எலுமிச்சம்பழமும் சந்தனமும் குங்குமமும் டேஷ்போர்டு மேல் தயாராக இருக்கின்றன. பெருமாயி வந்து வைத்தால்தான் வண்டி நகரும். அவளிடம் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள் மச்சான். டிவியில் நட்ட நடுவில் பொட்டு வைத்தவள் அவள்தான், தெரியாமல் வைத்தாளா தெரிந்தே வைத்தாளா என்று நான் கேட்கப் போவதில்லை. இந்தக் கண்ணாடியில் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.